அம்மா கேட்ட இரண்டாவது கேள்வி

நாற்பத்தேழு வயதில் எனக்கு லூப் வைத்தார்கள். பிள்ளை வேண்டாம் என்று வைத்ததல்ல. அந்தக் கதையெல்லாம் எப்போதோ முடிந்து, மகள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். உதிரப்போக்கு அடங்கவில்லை என்பதற்காக வைத்தது. கணவரைத் தவிர விஷயம் தெரிந்த ஒரே ஆள் என் தம்பி மனைவி. "இன்னா அண்ணி, இந்த வயசுல அண்ணனுக்கு அவ்ளோ ஆசையா?" என்று கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

அதற்கு முந்தைய இரண்டு வருடமாக என் உடம்பு தன் இஷ்டத்துக்கு நடந்துகொண்டிருந்தது. ஐம்பது நாள் வராது. வந்தால் ஏழு நாளும் கட்டி கட்டியாகக் கொட்டும். நடுவில் திடீரென்று கழுத்திலிருந்து உச்சி வரை சூடேறி வேர்த்து ஊற்றும். பூந்தமல்லியில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனியில் செக்கிங் பிரிவில் நாள் முழுக்க நின்றபடி தையல் பார்ப்பேன். கறுப்பு பர்தாவில் கறை தெரியாது என்பது ஒரு நிம்மதி. ஆனால் பேருந்து சீட்டில் தெரியும். ஒருநாள் எஸ்டேட் நிறுத்தத்தில் இறங்க எழுந்தபோது பின்னால் இருந்த பெண், "ஆன்ட்டி, சீட்டப் பாருங்க" என்றாள். அத்தனை பேர் பார்க்கக் குனிந்து என் துப்பட்டாவால் துடைத்தேன். கம்பெனி மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். ரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் இருக்க வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது.

டாக்டரம்மா என் வயதுக்காரி. நல்ல மனுஷி, அவரை நான் குறை சொல்ல மாட்டேன். "கர்ப்பப்பையை எடுத்துடுன்னு ஆளாளுக்குச் சொல்வாங்க. எடுக்க வேண்டியதில்ல. ஹார்மோன் வச்ச லூப் ஒண்ணு இருக்கு, அத உள்ள வச்சிடலாம். போக்கு நல்லா கொறைஞ்சிடும். அது அஞ்சு வருஷம் இருக்கும், அதுக்குள்ள உங்களுக்கு மாதவிடாயே நின்னாலும் நின்னுடும்" என்றார். பிறகு, "முதல் நாலஞ்சு மாசம் அப்பப்ப கொஞ்சம் பட்டுக்கிட்டே இருக்கும். பயந்துடாதீங்க. மொத்தமா சேத்தா ஒரு ஸ்பூன்கூட வராது" என்றார்.

நான் தலையாட்டினேன். அவருக்கு அது ஒரு ஸ்பூன். எனக்கோ ஒரு சொட்டு என்றாலும் தொழுகை இல்லை.

எங்கள் வீடுகளில் மாதவிடாய் என்று யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டோம். 'தொழுகை இல்லை' என்போம். அந்த நாட்களில் தொழக் கூடாது, நோன்பு வைக்கக் கூடாது, குர்ஆனை எடுத்து ஓதக் கூடாது. நின்றதும் தலைக்குக் குளித்துச் சுத்தமாகி எல்லாவற்றையும் ஆரம்பிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த சட்டம் இவ்வளவுதான். சிறுவயதில் மதரஸாவுக்குப் போனேன். வயதுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேலான பாடம் அதற்கு அப்புறம்தான் வருமாம்.

லூப் வைத்த பிறகு போக்கு குறைந்தது உண்மை. ஆனால் நிற்கவில்லை. நாலு நாள் பழுப்பாகப் படும், ஒருநாள் காய்ந்திருக்கும். நின்றுவிட்டது என்று தலைக்குக் குளித்து மதியத் தொழுகையைத் தொழுவேன். மாலை அஸர் தொழுகை நேரத்துக்குப் பார்த்தால் உள்ளாடையில் மிளகு அளவில் ஒரு கறை. மறுபடி விட்டுவிடுவேன். மறுபடி காயும், மறுபடி குளிப்பேன். ஒரே வாரத்தில் நாலு தடவை தலைக்கு ஊற்றிச் சளி பிடித்து இருமிக்கொண்டு கிடந்தேன். ரமலான் வந்தது, பாதிக்கு மேல் நோன்பு போயிற்று. கம்பெனியில் மற்றவர்கள் என்னை நோன்பு என்று நினைத்து எதிரில் தண்ணீர் குடிக்கக்கூட யோசிப்பார்கள். நான் கழிப்பறைக்குள் நின்று பிஸ்கட் தின்றேன். சீ என்று இருந்தது.

அதே நாட்களில்தான் அம்மா படுத்த படுக்கையானாள்.

அம்மா இருந்தது தம்பி வீட்டில், எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. குளியலறையில் வழுக்கி இடுப்பு உடைந்தது. வயது காரணமாக ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார்கள். வேலை முடிந்து, மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் தூணுக்குத் தூண் நின்று வரும் பேருந்தில் இறங்கி, நேராக அங்கே போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.

என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மஹல்லாவில், அதாவது எங்கள் பள்ளிவாசலைச் சேர்ந்த வீடுகளில், ஒரு பெண் மவுத்தானால் குளிப்பாட்டக் கூப்பிடுவது அம்மாவைத்தான். முப்பது வருடத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்தாள், ஒருவரிடமும் ஒன்றும் வாங்கியதில்லை. இறந்தவள் யாராக இருந்தாலும், திரை கட்டிய இடத்துக்குள் வர நினைக்கிற ஒவ்வொருத்தியையும் அம்மா வாசலிலேயே நிறுத்தி இரண்டு கேள்வி கேட்பாள். "தொழுகை இருக்கா?" என்பது முதல் கேள்வி. இல்லை என்று சொன்னால், "எத்தினி நாளா?" என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்வி எனக்கு எப்போதும் எரிச்சலாக இருக்கும். இல்லை என்ற பிறகு நாள் கணக்கு எதற்கு, ஊர் வம்புக்கா என்று நினைப்பேன்.

படுத்த பிறகு அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எனக்கு நீதான் தண்ணி ஊத்தணும். மத்தவளுங்க வெரசா ஊத்துவாளுங்க. ஜனாஸாவ எடுக்கணும், நேரமாச்சின்னு பறப்பாளுங்க. எனக்குத் தெரியாதா? நீ மெதுவா ஊத்து." அவள் அதைச் சோறு போடு என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள். நான் சரிம்மா என்றேன்.

லூப் விஷயத்தை அம்மாவிடம் சொல்லவில்லை. மையத்தின், அதாவது இறந்த உடம்பின், மூக்குத்தி, மெட்டி, வளையல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழகியவள் அவள். உடம்பில் வெளிச் சாமான் ஒன்றும் இருக்கக் கூடாது என்பாள். உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வந்து நிற்கிறேன் என்று எப்படிச் சொல்வது? படுத்திருப்பவளைப் பதற வைக்க வேண்டாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், திட்டு வாங்கப் பயம்.

"பக்கத்துல ஒக்காந்து யாசீன் ஓதுடி" என்பாள் அம்மா. படுத்திருப்பவர்களுக்காக ஓதுகிற குர்ஆன் அத்தியாயம் அது.

"தொழுகை இல்லம்மா."

"எத்தினி நாளா?"

"நேத்துலருந்துதான்."

பத்து நாள் கழித்து மறுபடி கேட்பாள். "நாளைக்குக் குளிச்சிடுவேன்" என்பேன். அடுத்த மாதம் கேட்டால், "இன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு" என்பேன். "இந்த வயசுல முன்ன பின்ன ஆவும்" என்று அம்மாவே எனக்குச் சமாதானம் சொல்வாள். தம்பி மனைவி செல்போனில் யாசீனைப் போட்டுத் தலையணை ஓரம் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். யாரோ ஒரு ஆண் குரல் என் அம்மாவுக்கு ஓதும். நான் பக்கத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

லூப் வைத்து நாலாவது மாதம், ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கம்பெனிக்குப் போன் வந்தது. தம்பி பேசவில்லை, அழுதான். ஆட்டோ பிடித்து வந்து சேர்வதற்குள் தெருவில் நாற்காலி போட்டுவிட்டார்கள். பின்கட்டில் பழைய பெட்ஷீட்டுகளைக் கட்டித் திரை போட்டிருந்தார்கள். இலந்தை இலை போட்ட தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கற்பூரம் நுணுக்கி வைத்திருந்தார்கள். அம்மாவோடு இத்தனை வருடம் போய்வந்த மூன்று பெண்கள் கைகளைச் சுருட்டிவிட்டு நின்றார்கள். எல்லோரும் எனக்காகத்தான் காத்திருந்தார்கள். மகள் ஊற்ற வேண்டும் என்று அம்மா அவர்களிடமும் சொல்லி வைத்திருந்திருக்கிறாள்.

அவர்களில் மூத்தவள் என் முதுகைத் தடவிவிட்டு, வழக்கத்துக்காகக் கேட்டாள். "தொழுகை இருக்கா கண்ணு?"

அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது பார்த்திருந்தேன். மிளகு அளவுகூட இல்லை, கடுகு அளவு.

இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாலு மாதமாக அம்மாவிடம் புளுகிய வாய்தானே அது? ஆனால் அன்றைக்குப் பார்த்து எனக்கு நேர்மை பொங்கிக்கொண்டு வந்தது. சுத்தமில்லாத கையால் அம்மாவைத் தொட்டு, அதனால் அவளுக்கு ஏதாவது குறை வந்துவிட்டால்? அவளே முப்பது வருடம் கட்டிக்காத்த சட்டமாயிற்றே என்று நினைத்தேன்.

"இல்ல" என்றேன்.

அந்தப் பெண் இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை. அதைக் கேட்க அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். "சரி, அழாத, தள்ளி நில்லு" என்று சொல்லிவிட்டுத் திரைக்குள் போனாள்.

நான் திரைக்கு வெளியே சுவரோடு சாய்ந்து நின்றேன். உள்ளே அவர்கள் முணுமுணுப்பது கேட்டது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சளக் சளக்கென்று ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றினார்கள். மதியம் லுஹர் தொழுகையோடு ஜனாஸாவை எடுக்க வேண்டும், நேரமாகிறது என்று வாசலிலிருந்து ஆண்கள் குரல் கொடுத்தபடி இருந்தார்கள். மெதுவா, மெதுவா என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. கற்பூர வாசனையோடு தண்ணீர் திரைக்கு அடியில் வழிந்து வந்து என் காலைத் தொட்டது. அதில்கூட நிற்கக் கூடாதோ என்று பயந்து காலை நகர்த்திக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் காலை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

அடுத்த மாதமே கறை நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூட இல்லை. பரிசோதனைக்குப் போனபோது, "சூப்பரா வேலை செய்யுது பாத்தீங்களா?" என்று டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். ஆமாம் என்றேன்.

விட்டுப்போன நோன்புகளைத் திருப்பி வைக்க வேண்டும். எத்தனை என்று எனக்கே குழப்பம். பெண்களுக்குப் பாடம் எடுக்கிற ஆலிமா ஒருவர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார், என் மகளைவிட நாலு வயது மூத்தவராக இருப்பார், அம்மாவை நன்றாகத் தெரிந்தவர். வெட்கத்தை விட்டு அவரிடம் போய் லூப் கதையைச் சொன்னேன்.

"வழக்கமா எத்தினி நாள் வரும் ஒங்களுக்கு?" என்று கேட்டார்.

"ஏழு."

"இது விடாம எத்தினி நாளு இருந்துச்சு?"

"நாலு மாசம். பட்டுப் பட்டு."

அவர் முகத்தில் இரக்கம் வந்தது. "அம்மா, பத்து நாளத் தாண்டிட்டா அது மாதவிடாய்க் கணக்கே இல்ல. மாசத்துல ஒங்க ஏழு நாள மட்டும் கழிச்சிட்டு மீதியெல்லாம் நோய் ரத்தம். தலைக்குக் குளிச்சிட்டு, வேளைக்கு வேளை கை கால் மொகம் கழுவி ஒளு செஞ்சுக்கினு தொழுதிருக்கணும். நோன்பும் வச்சிருக்கலாம். நீங்க சுத்தமாத்தான் இருந்தீங்க."

நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது. "அப்ப மையத்தக் குளிப்பாட்டலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமா. ஒங்க அம்மா அதுக்குத்தானே வாசல்ல நிக்க வச்சு எத்தினி நாளான்னு கேப்பாங்க? பத்து நாளுக்கு மேலன்னு சொன்னா, போய்க் குளிச்சிட்டு வான்னு உள்ள சேத்துக்குவாங்களே. ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. பதில் தெரிந்தவள் திரும்பத் திரும்ப என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் ஒவ்வொரு தடவையும் நேற்று, இன்று என்று பொய் சொன்னேன். யாசீன் ஓதியிருக்கலாம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த ஏழு நாள் போக மீதி நாளெல்லாம் ஓதியிருக்கலாம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நிஜத்தைச் சொல்லியிருந்தால், நாலு திட்டுத் திட்டிவிட்டு, போய்க் குளிச்சிட்டு வாடி என்றிருப்பாள். வழி நெடுக அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். கணவர் என்னவென்று கேட்டார், சொன்னேன். தெரியாமல் செய்தது அல்லாஹ் மன்னிப்பான் என்றார். அல்லாஹ் மன்னிப்பான், அது எனக்கும் தெரியும். அம்மா மெதுவாக ஊற்று என்றாளே, அதற்கு யார் பதில் சொல்வது?

இப்போது வயது நாற்பத்தொன்பது. உடம்பு அந்தப் பக்கம் போய்விட்டதா, இல்லை லூப் அடக்கி வைத்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. மாதம் முழுக்கத் தொழுகை இருக்கிறது. அந்த மூன்று பெண்களுக்கும் இது தெரிந்துபோய், "ஒனக்கென்ன, எப்பவும் சுத்தம், ஒங்கம்மா எடத்துக்கு நீ வா" என்று கூப்பிட்டார்கள். இரண்டு முறை மறுத்தேன். போன மாதம் எங்கள் தெருவிலேயே ஒரு அம்மாள் மவுத்தானபோது மறுக்க முடியவில்லை.

திரைக்கு வெளியே அந்த அம்மாளின் மகள் சுவரோடு சாய்ந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். உள்ளே வாயேன் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "தொழுகை இல்லக்கா" என்றாள்.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "எத்தினி நாளா?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாளு."

பத்தைத் தாண்டவில்லை. அவளை அங்கேயே விட்டுவிட்டுத் திரைக்குள் போனேன். நேரமாகிறது என்று வாசலில் கத்தினார்கள். கத்தட்டும் என்று விட்டேன். அவளுடைய அம்மாவுக்கு நான் மெதுவாக ஊற்றினேன்.

என் அம்மாவுக்கு வேகமாகத்தான் ஊற்றினார்கள்.