அதே ஜெபக்குறிப்பு

எங்கள் ஐக்கியக் குழு சனிக்கிழமை சாயங்காலம் கூடும். தில்லியில் ஆர்.கே.புரம், லோதி ரோடு அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வாரம் ஒரு வீடு. ஒரு பாட்டு, ஒரு வேதபகுதி, பிறகு சாட்சி. அதாவது, ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை ஒவ்வொருவராகச் சொல்வது. அப்புறம் ஜெபக்குறிப்பு, யாருக்கு என்ன தேவை என்று. கடைசியில் கைகோர்த்து மௌன ஜெபம், டீ, ஊர்வம்பு. ஊர்வம்புக்குத்தான் நேரம் அதிகம் போகும். நான் நர்ஸ். ஆஸ்பத்திரியிலும் சிஸ்டர், இங்கேயும் சிஸ்டர். வாய் மட்டும் இரண்டு இடத்திலும் சும்மா இருக்காது.

என் பக்கத்தில் எப்போதும் உட்காருகிறவள் ஒரு தமிழ் டீச்சர், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அவள் இதயத்தில் உலோக வால்வு வைத்திருந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை விழுங்க வேண்டும். வெயில் காலத்தில் ஃபேன் இரைச்சலில் ஒன்றும் தெரியாது. குளிர் வந்து, ஃபேனை நிறுத்தி, புகைக்குப் பயந்து ஜன்னலையும் அடைத்துவிட்டால், மௌன ஜெபத்தில் அவள் நெஞ்சிலிருந்து டிக் டிக் என்று கேட்கும். பழகிப்போய், அது கேட்டால்தான் எனக்கு ஜெபமே ஓடும்.

அவள் சொல்லும் ஜெபக்குறிப்பு மாறவே மாறாது. ரத்தப் பரிசோதனை சரியாக வர வேண்டும், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு புரமோஷன் வந்தது, மகனுக்கு சீட் கிடைத்தது, மகளுக்கு வரன் அமைந்தது. ஒருநாள் ஓர் அம்மா, "டீச்சர், உங்க குறிப்பு எங்களுக்கு மனப்பாடம் ஆயிருச்சு" என்று கேலி செய்ய, எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

புது வருஷத்தின் முதல் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள். "கர்த்தர் எனக்குப் பூரண சுகம் தந்துட்டார்" என்றாள். ஒரே அல்லேலூயா, கைதட்டல். குழுவை நடத்தும் அண்ணன், ஏதோ மினிஸ்ட்ரியில் அதிகாரி, ரொம்ப நல்ல மனுஷர், கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மட்டும் கைதட்டவில்லை. உலோகத்துக்கு ஏது சுகம்?

வாசலில் மடக்கிப் பிடித்து, "டாக்டர் என்னட்டி சொன்னாரு?" என்று கேட்டேன்.

"எல்லாம் நல்லாருக்குக்கா" என்றவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்தடுத்த வாரங்களில் படியேறி வரும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். தில்லியில் எந்தப் பழியையும் குளிரின் தலையில் போடலாம். உதட்டில் சிரிப்பு இருந்தது, நிறம் இல்லை. எனக்கு ராத்திரித் தூக்கம் கெட்டது.

பிறகு ஒரு சனிக்கிழமை. மௌன ஜெபத்தில் அந்தச் சத்தம் இல்லை. என் காதுதான் அடைத்துவிட்டதோ என்று நினைத்தேன். ஆனால் சமையலறையில் பால் கொதிப்பது கேட்டது. கண்ணைத் திறந்து அவள் பக்கம் சாய்ந்தேன். துணியில் சுற்றி வைத்த கைக்கடிகாரம்போல ஏதோ மங்கலாகக் கேட்டது. வால்வில் ரத்தம் கட்டினால் அந்தச் சத்தம் அமுங்கிப்போகும். வார்டில் பார்த்திருக்கிறேன்.

"மாத்திரை போடுதியாட்டி?" என்று சத்தமாகவே கேட்டேன்.

"சிஸ்டர், ஜெபம் முடியட்டும்" என்றார் அண்ணன்.

"அதுவரைக்கும் இது தாங்காதுண்ணே. காரை எடுங்க, ஜல்தி!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கிறிஸ்மஸோட நிறுத்திட்டேன்க்கா. வாரா வாரம் அதையே சொல்லுததுக்கு வெக்கமா இருந்துச்சு. எனக்கும் ஒரு சாட்சி வேணும்னு தோணுச்சு."

அண்ணன் சாவியைத் தேடி ஓடினார்.

பனிமூட்டத்தில் கார் ஊர்ந்தது. பின்சீட்டில் அவள் கை என் கைக்குள் சில்லென்று இருந்தது.

"அடுத்த வாரம் எல்லார்ட்டயும் என்னத்தக்கா சொல்லுவேன்?"

"ஒண்ணும் சொல்லாண்டாம். உசுரோட வந்து உக்காரு, அது போதும்."

பதில் சொல்ல வாயெடுத்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கை என் மடியில் துவண்டு விழுந்தது. வால்வில் கட்டிய ரத்தம் மூளைக்கு ஏறிவிட்டது. அண்ணன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

உயிரோடுதான் வந்தாள். இப்போதும் சனிக்கிழமை தவறாமல் வந்து என் பக்கத்தில் உட்காருகிறாள். பேச்சு மட்டும் இன்னும் திரும்பவில்லை.