காக்கிமா கேட்ட பாட்டு

கரியாஹாட் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடையின் மாடியில் இருக்கிறது அந்தக் காபிக்கடை. சனிக்கிழமை மாலைகளில் அங்கே கிட்டாருடன் தனியாக உட்கார்ந்து, நானே எழுதிய ப்ளூஸ் பாட்டுகளைப் பாடுவேன். அன்று ஒரு பாட்டை முடித்துவிட்டு நிமிர்ந்தால், படிக்கட்டை ஒட்டிய மேஜையில் அம்மா. பக்கத்தில், சித்தி என்ற அர்த்தத்தில் நாங்கள் காக்கிமா என்று கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளி அம்மாள், பட்டுப்புடவையில். சொல்லாமல் வந்திருந்தார்கள்.

எனக்கு விவாகரத்தானது காக்கிமாவுக்குத் தெரியாது. மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறார், இவள் விசாவுக்குக் காத்திருக்கிறாள் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். அடுத்து நான் பாடவிருந்தது அந்த விவாகரத்தைப் பற்றிய பாட்டு. அதுவும் வங்க மொழியில்.

வேறு எதையாவது பாடிவிடலாம் என்று, தந்தியை முறுக்கி சுருதி சேர்ப்பதுபோல நேரம் கடத்தினேன். அதற்குள் முன்னால் இருந்த ஒருவர் அந்த விவாகரத்துப் பாட்டின் முதல் அடியைச் சொல்லியே கேட்டுவிட்டார். கைதட்டல். விஷயம் தெரியாமல் அம்மாவும் தட்டினாள்.

கட்டைவிரல் தடித்த தந்திகளில் தன்பாட்டுக்கு நடந்தது. மெட்டைப் பிடிக்க வேண்டிய மற்ற விரல்கள் வியர்த்து வழுக்கின. 'கோர்ட்டில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தோம், அவன் பஸ் முதலில் வந்தது' என்ற அடி நெருங்கியது. மாற்றிவிடு, மாற்றிவிடு என்றது மனசு. வாய் மாற்றவில்லை.

காக்கிமா திரும்பி அம்மாவிடம் என்னவோ கேட்டார். அம்மா விருட்டென்று எழுந்து படியிறங்கினாள். காக்கிமாவும் பின்னாலேயே போனார். நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. கடைசி அடிவரை பாடிவிட்டு, ஐந்து நிமிஷம் என்று சொல்லிக் கீழே ஓடினேன்.

படிக்கட்டின் அடியில் நின்றிருந்தார்கள்.

"அவங்ககிட்ட என்னம்மா சொன்னே?"

"பாட்டு நிஜமான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். ஆனா என்னை ஒரு வார்த்தை கேக்காம, இத்தனை பேர் முன்னால..."

"நீ வருவேன்னு எனக்குத் தெரியாதும்மா."

"ஏன், நான் வரக்கூடாதா?"

தமிழ் புரியாத காக்கிமா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மேலே ஆட்கள் காத்திருக்கிறார்கள், நீ போய்ப் பாடு என்று வங்க மொழியில் என்னை அதட்டினார்.

போனேன். மீதிப் பாட்டுகள் எப்படி வந்தன என்று நினைவில்லை. முடித்துக் கீழே வந்தபோது இருவரும் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கிட்டார் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.