நீர்மூழ்கியில் ஒரு காத்து ஓட்டை

சூளைக்குள் பொம்மை வெடிக்கிற சத்தம் பட்டாசு போல இருக்காது. பக்கத்து அறையில் யாரோ மரப்பெட்டியை நழுவவிட்டது போல மந்தமாக ஒரு "தொப்", அவ்வளவுதான். விருத்தாசலத்தில் செராமிக் பேட்டைக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில் அந்தச் சத்தத்தின் காரணம் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். யாரோ "காத்து ஓட்டை" போட மறந்துவிட்டார்கள். எல்லாப் பக்கமும் மூடிய, உள்ளே கூடான பொம்மைக்கு அடியில் ஊசியால் ஒரு துளை போட்டே ஆகவேண்டும். போடாவிட்டால் உள்ளே அடைபட்ட ஈரக்காற்று சூடேறி பொம்மையையே பிளந்துவிடும். அம்மா ஒரு பொம்மைப் பட்டறையில் அந்தத் துளை போடும் வேலையைத்தான் செய்தார்.

அதனால்தானோ என்னவோ, கடற்படையில் இருந்த மாமா நீர்மூழ்கிக் கப்பலுக்கு மாறிவிட்டதாகப் போனில் சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மாமா அம்மாவின் ஒரே தம்பி. பட்டறையில் உடன் வேலை செய்த செல்வி அக்கா வேறு சும்மா இருக்கவில்லை.

"ஒந்தம்பி கப்பல்ல ஜன்னலே இல்லியாமே. எங்கூட்டுக் கோழிக்கூண்டுல கூட ரெண்டு இருக்குது."

அம்மா சிரிக்கவில்லை.

விசாகப்பட்டினத்தில் அந்தக் கப்பலைப் படையில் சேர்க்கும் விழாவுக்குக் குடும்பத்தாரையும் அழைத்திருந்தார்கள். அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் அம்மாவும் நானும் ரயிலேறினோம். சென்னையில் ரயில் மாறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அம்மா வாயைத் திறந்தார். "வுழா முடிஞ்சதும் சொல்லிடப் போறேன். எழுதிக் குடுத்துட்டு மேல ஓடுற கப்பலுக்கே போயிடுடான்னு. நாஞ் சொன்னா கேப்பான்." மடியிலிருந்த துணிப்பையில், மாமாவுக்கென்று அவரே துளை போட்டுச் சுடவைத்த சின்னப் பீங்கான் பிள்ளையார் இருந்தது.

மலையிலிருந்து இறங்கும் தெருக்களின் முடிவில் வீடு நிற்பது போலக் கப்பல் நிற்கும் ஊரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மீன் வாடையும் எண்ணெய் வாடையும் கலந்த காற்று. அன்று சாலையோரக் கற்களுக்கெல்லாம் புதுச் சுண்ணாம்பு. துறைமுக வாசலில் எங்கள் பையைத் திறந்து பார்த்த காவலர் பிள்ளையாரைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே விட்டார்.

கப்பல் உயரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதுவோ ஏரியில் படுத்த எருமை மாதிரி முதுகை மட்டும் காட்டிக்கொண்டு கிடந்தது. பேண்டு வாசித்தார்கள், கப்பல் தலைவர் ஓர் ஆணையைப் படித்தார், கொடியோடு ரிப்பன் போல நீளமான இன்னொரு கொடியும் ஏறியது. வெள்ளை உடுப்பு வரிசையில் மாமா யாரென்றே தெரியவில்லை. எல்லோரும் கொடியை அண்ணாந்து பார்த்தபோது நான் கப்பலின் உடம்பில் ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பினால், அம்மாவின் கண்ணும் அங்கேதான் இருந்தது.

டீ கொடுத்தபோது மாமா எங்களைத் தேடி வந்தார். நான் கேட்டே விட்டேன். "மாமா, காத்து ஓட்டை எங்க இருக்குது?"

மாமாவும் எங்கள் தெருவில் வளர்ந்தவர்தானே, சிரிக்காமல் கையை நீட்டினார். "அதோ, பக்கத்துல வரிசையா தெரியுது பாரு பாப்பா, அது தண்ணி போற வர்ற வழி. மேல மூடி இருக்குது. அதத் தொறந்து, கப்பலச் சுத்தி இருக்குற தொட்டிங்களோட காத்த வெளிய வுட்டாத்தான் தண்ணி ஏறி முங்கும். மேல வரணும்னா காத்த உள்ள அடிச்சித் தண்ணியத் தள்ளுவோம்."

"நீ இருக்குற எடத்துக்கு?" என்றார் அம்மா.

"அதுக்குக் கெடையாதுக்கா. அதுல ஓட்டை வுழாம பாத்துக்கத்தான் எங்களுக்குச் சம்பளமே."

இப்போது சொல்லிவிடுவார் என்று நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா பிள்ளையாரை எடுத்துக் கொடுத்தார். மாமா அதைக் கவிழ்த்து அடியிலிருந்த துளையை விரலால் தடவினார். பிறகு கப்பல் பக்கம் திரும்பி, "இத அப்பிடியே வெக்க முடியாதுக்கா. உருண்டு சத்தம் வந்தா நாங்க எங்க இருக்கோம்னு வெளிய தெரிஞ்சிடும். சாக்ஸுக்குள்ள போட்டுக் கட்டி வெக்கிறேன்" என்றார். புது வீட்டில் எதை எங்கே வைப்பது என்று யோசிக்கிறவரின் முகம் அது.

அம்மா அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரெண்டு சாக்ஸா போடு" என்றார்.

திரும்பி வரும் ரயிலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "தூங்கு" என்றார்.

அந்தக் கப்பல் இப்போது பணியில் இல்லை. அம்மா வேலை செய்த பட்டறையின் இடத்தில் திருமண மண்டபம் இருக்கிறது. ஓய்வு பெற்ற மாமா சேத்தியாத்தோப்பில் வீடு கட்டிக்கொண்டு, பிள்ளையாரைச் சாக்ஸோடு என்னிடம் தந்துவிட்டார். என் நான்கு வயது மகனுக்கு அவர் சொல்லும் கதைகளின் விளைவு, எங்கள் வீட்டுப் போர்வையெல்லாம் நீர்மூழ்கி. தலையோடு மூடிக்கொண்டு அவன் படுக்கும்போதெல்லாம் ஒரு மூலையை நான் தூக்கி வைத்துவிடுவேன். செய்வது சரிதானா, என் பயத்தை அவனுக்கும் பழக்கிவிடுகிறேனா என்று யோசிப்பேன். யோசித்துக்கொண்டே மறுபடி தூக்கி வைப்பேன்.

நேற்று போர்வைக்குள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. "அம்மா, தண்ணி வந்துடும். மூடு."

மூடினேன். சத்தம் வந்தால் தெரிந்துவிடும் என்பதால் உள்ளே அவன் அசையாமல் கிடந்தான். வெளியே, போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, நானும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.