வகிட்டோரச் செம்பட்டை

நரையை மறைக்க மாதம் ஒருமுறை செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பியூட்டி பார்லருக்குப் போவேன். அதை நடத்தும் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல கறுப்பு. முடியும் கன்னங்கறுப்பு. எனக்குப் பூசியது போக மிஞ்சும் டையைத் தன் வகிட்டில் தீட்டிக்கொள்வார். அவருக்கும் நரை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் என் தலையில் டை காய்ந்துகொண்டிருந்தபோது, அனந்தபுரத்திலிருந்து ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். அட்டையில் எந்தச் செம்பு நிறத்தைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்கினாள். அக்கா சட்டென்று அவள் முன் தலையைக் குனிந்தார்.

"இதுவா பாரு."

வகிட்டோரம் புதிதாக வளர்ந்த முடி செம்பட்டையாக மின்னியது.

"ஐயோ, இதேதான் ஆன்ட்டி! எந்த கம்பெனி?"

"பொறந்ததுலேந்தே இருக்குது."

நாளைக்கு வந்து சாயம் போட்டுக்கொள்வதாகச் சொல்லி அவள் போனதும் கேட்டேன்: "இவ்ளோ அழகா இருக்கே, ஏங்க்கா மறைக்கிறீங்க?"

"ஸ்கூல்ல என்னிய 'கோட்டை வெள்ளைக்காரன் பேத்தி'ன்னு கூப்டுவாங்க. பொண்ணு பாக்க வந்தவங்க முடியப் பாத்துட்டு எழுந்து போயிட்டாங்க. அப்பலேந்து கறுப்புதான்."

"இப்ப விட்டுடலாமே?"

"இப்பதான் எல்லாரும் இத்த கேக்குறாங்க. இப்பப் பாத்து ஒண்ணொண்ணா வெளுக்குது."

கண்ணாடி முன் போய் நின்றார். பிரஷ்ஷின் நுனியால் வெள்ளை முடிகளை மட்டும் தேடித் தேடிக் கறுப்பாக்கினார். செம்பட்டை ஒன்றில்கூட டை படவில்லை. என் தலை காய்ந்து வெகுநேரமாகியும் நான் அவரைக் கூப்பிடவில்லை.