பெரியப்பா வைத்திருந்த என் துப்பாக்கி

அந்தத் துப்பாக்கியை ஒரு ஜப்பான்காரர் என் அப்பாவின் மகனுக்காகக் கொடுத்தார். அப்பாவுக்கு மகன் கிடையாது. நான் ஒருத்திதான். அதைச் சொல்லப்போய், கொடுத்ததை அவர் திரும்ப வாங்கிக்கொண்டால் என்ன செய்வது என்று அப்பா வாயைத் திறக்கவில்லையாம்.

அப்பா ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பிட்டராக இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. புதிதாக வந்த பிரஸ் மெஷினைப் பொருத்திக் கொடுக்க வந்த ஜப்பான்காரர், ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் அடங்காத சாமான்களைத் தன்னோடு வேலை செய்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஒருவருக்குக் குடை, ஒருவருக்குப் பிளாஸ்க், அப்பாவுக்குத் துப்பாக்கி. அவர் தங்கியிருந்த விடுதி மாடியில் காயப்போட்ட துணியை இழுத்துப்போகும் குரங்குகளை விரட்ட வைத்திருந்ததாம்.

பார்க்க அசல் துப்பாக்கிதான். என் இடுப்புக்கு மேல் உயரம். கறுப்புக் குழல், தோளில் வைக்கும் கட்டை, குழலுக்கு அடியில் முன்னும் பின்னும் நகரும் ஒரு பிடி. அந்தப் பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இறுகும். விசையை அழுத்தினால் சின்னப் பட்டாணி போன்ற மஞ்சள் பிளாஸ்டிக் குண்டு ஒன்று பறக்கும். மருந்தும் இல்லை, புகையும் இல்லை. ஆனால் பிடியை இழுக்கும்போது ஒரு சத்தம் வரும், 'சடக் சடக்' என்று. இரும்புக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது போன்ற சத்தம். எனக்கு அதை இழுக்கக் கையில் பலம் போதாது. கட்டையைத் தரையில் ஊன்றி, முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் இழுப்பேன்.

எங்கள் வீடு ஊருக்குள் இல்லை. ஜூஜுவாடிக்கு வெளியே, பெங்களூர் ரோட்டை ஒட்டிய எங்கள் கொல்லையிலேயே இருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரிக்காத நிலம். அப்பா வேலைக்குப் போவார், பெரியப்பா உழுவார். கேழ்வரகும் அவரையும் தக்காளியும் மாறி மாறி வரும். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே கொல்லை முழுவதும் எனக்குச் சுடும் மைதானம். கிணற்றுச் சுவரில் பால்மாவு டப்பாக்களை அடுக்கிச் சுடுவேன். ஆடி மாசத்துக் காற்றில் குண்டு வளைந்து போகும். டப்பாவுக்கு இடப்பக்கம் குறிவைத்தால்தான் டப்பாவில் படும் என்று நானே கண்டுபிடித்தேன். சுட்ட குண்டுகளைச் சல்லடை போட்டு மண்ணிலிருந்து பொறுக்குவேன். தொலைந்தவற்றுக்குப் பதிலாக ஒருநாள் துவரம்பருப்பைப் போட்டதில் குழல் அடைத்துக்கொண்டது. அப்பா திருப்புளி எடுத்து அதை முழுக்கக் கழற்றி, சுத்தம் செய்து, திரும்பப் பூட்டினார். "வெறும் ஸ்பிரிங்குதான். நம்ம கம்பெனியில இதவிட நல்லதா பண்ணலாம்" என்றார்.

இந்தச் சந்தோஷம் பத்து நாள் நீடித்திருந்தால் அதிகம்.

ஒரு சனிக்கிழமை எங்கள் வரப்பில் ஆட்கள் நின்றார்கள். சங்கிலியும் முளைக்குச்சிகளும் வைத்திருந்தார்கள். ரோட்டில் அவர்களின் ஜீப் நின்றது. பெங்களூர்க்காரர் ஒருவர் எங்கள் பக்கத்து நிலங்களை எல்லாம் சேர்த்து வாங்கி கம்பெனிகளுக்கு விற்கப் பார்க்கிறார் என்பது வீட்டில் பேசப்பட்டுக்கொண்டிருந்த விஷயம். பின்னால் இருந்த நிலங்களுக்கெல்லாம் ரோட்டுக்கு வரும் வழி எங்கள் கொல்லைதான். அப்பாவுக்குக் கொடுத்துவிட ஆசை. ஓசூரில் குழாய்த் தண்ணீர் வரும் வீடு, எனக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். பெரியப்பா முடியாது என்று சொல்லிவிட்டார். சம்மதம் இல்லாமலே அளக்க வந்துவிட்டார்கள்.

பெரியப்பா தக்காளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். நான் கிணற்றடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தேன். அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று வந்தார். மண்வெட்டியையே கொண்டு போயிருக்கலாம். என் கையிலிருந்ததைப் பார்த்தார், பிடுங்கிக்கொண்டு நடந்தார். வரப்புக்குப் பாதி தூரம் போனதும் நின்று, பிடியை இழுத்துத் தள்ளினார்.

சடக் சடக்.

அவர்கள் ஓடிய ஓட்டத்தை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்த்ததில்லை. சங்கிலி அப்படியே கிடந்தது. ஒருவரின் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பெரியப்பா சிரிக்கவில்லை. கையிலிருந்ததை அப்போதுதான் முதல்தடவை பார்ப்பவர் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"பாப்பா, இது வெளையாட்டுச் சாமான்னு யாருக்கும் தெரியக்கூடாது. உன் கூட்டாளிங்ககிட்ட கூட மூச்சு உடாத."

துப்பாக்கி கோணிப்பையில் சுற்றப்பட்டு வைக்கோல் போருக்குள் போனது. எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த இடம். பதிலுக்கு ஒவ்வொரு வாரமும் அத்திப்பள்ளிச் சந்தையிலிருந்து எனக்குப் பொரி உருண்டை வரும். பொரி உருண்டைக்குத் துப்பாக்கி ஈடாகுமா? நான் மனசுக்குள் கறுவிக்கொண்டே தின்றேன்.

ஊர் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. பெரியப்பா ஜவளகிரிக் காட்டுப் பக்கம் போய் நாட்டுத் துப்பாக்கி வாங்கி வந்திருக்கிறார் என்றார்கள். காட்டுப்பன்றியைச் சுட்டிருக்கிறார் என்றார்கள். பெரியப்பா எதையும் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. டீக்கடையில் அவர் வந்தால் பெஞ்சில் இடம் விட்டார்கள். தெலுங்கில் பேசுகிறவர், கன்னடத்தில் பேசுகிறவர் எல்லோரும் அவருக்கு 'அண்ணா' போட ஆரம்பித்தார்கள். அதுவரை மழுங்கச் சிரைத்துக்கொண்டிருந்தவர் மீசை வளர்த்தார். பெரியம்மா முதலில் கேலி செய்தாள், பிறகு விட்டுவிட்டாள். பக்கத்து நிலத்துக்காரர்கள் சாயங்காலமானால் எங்கள் களத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நீங்க குடுக்கலேன்னா நாங்களும் குடுக்கல என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தத் தடவை எல்லாக் கொல்லையிலும் கேழ்வரகு விதைத்தார்கள்.

அப்பா மட்டும் அந்தக் கூட்டத்தில் உட்காருவதில்லை. ஷிப்டு முடிந்து வந்து, சாப்பிட்டுப் படுத்துவிடுவார். அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்ததாக எனக்கு நினைவில்லை. பேச்சு குறைந்துபோனது, அவ்வளவுதான்.

கேழ்வரகு முழங்கால் உயரம் வந்திருந்தபோது போலீஸ் வந்தது. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார் என்று பெங்களூர்க்காரர் புகார் கொடுத்திருந்தார். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. பெரியப்பாவை ஜீப்பில் ஏற்றினார்கள். எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டதற்கு அவர் வாயைத் திறக்கவே இல்லை. "அது பொம்மைங்க சாமி" என்று பெரியம்மா அழுதாள். ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் அப்பா கம்பெனியிலிருந்து பாதியில் வந்தார். நேராக என்னிடம் வந்தார்.

"பெரியப்பாவ வெளிய உடணும்னா அது வேணும் பாப்பா. எங்க இருக்குது?"

நான் யோசித்தேன். மூச்சு விடாதே என்று பெரியப்பா சொன்னது நினைவிருந்தது. ஆனால் அவரை அழைத்துவரத்தானே? வைக்கோலை விலக்கிக் கோணியை எடுத்துக் கொடுத்தேன். அப்பா மொபெட்டில் என்னை முன்னால் நிற்கவைத்து, கோணியைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓட்டினார்.

ஸ்டேஷன் வாசலில் எங்கள் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் நின்றார்கள். பெரியப்பாவை விடாமல் போகமாட்டோம் என்று வந்தவர்கள். உள்ளே இன்ஸ்பெக்டருக்கு எதிரில் ஒரு நாற்காலியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் பெங்களூர்க்காரர் என்று பிறகு தெரிந்தது. பெரியப்பா சுவரோரம் கீழே குந்தியிருந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. கோணியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படுகிறார் போலும் என்று நினைத்து, நான் இன்னும் தைரியமாக நிமிர்ந்து நின்றேன்.

அப்பா கோணியைப் பிரிக்கவில்லை. "இங்க வேணாம் சார். வெளியில காட்டறேன். எல்லாரும் பாக்கட்டும்" என்றார்.

எல்லோரும் வாசலுக்கு வந்தோம். பெரியப்பாவையும் கூட்டிவந்து நிறுத்தினார்கள். இன்ஸ்பெக்டர் துப்பாக்கியைக் கையில் வாங்கியதுமே, அதன் கனத்தைப் பார்த்து, வாயைக் கோணினார்.

"யாருது பாப்பா இது?"

"என்னுது. எங்கப்பா கம்பெனியில ஜப்பான்காரர் குடுத்தாரு."

"சுடுவியா?"

சுடுவேனா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கட்டையை மண்ணில் ஊன்றி, முழங்காலில் இடுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு பிடியை இழுத்தேன். ஒரு கான்ஸ்டபிள் விளையாட்டாக உள்ளங்கையை நீட்டினார். மூன்றடி தூரம்தான். குண்டு அவர் கையில் பட்டு, துள்ளி, தரையில் உருண்டது. "கொசு கடிச்சாப்ல இருக்குது" என்றார்.

முதலில் சிரித்தவர் பெங்களூர்க்காரர். பிறகு இன்ஸ்பெக்டர். பிறகு, வேலியோரம் நின்றிருந்த எங்கள் ஊர்க்காரர்களில் யாரோ ஒருவர். அப்புறம் எல்லோரும். நான் இவ்வளவு பேரைச் சிரிக்கவைத்ததே இல்லை. இன்னொரு தடவை சுடட்டுமா என்று கேட்டேன். அதற்கும் சிரித்தார்கள். பெரியப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை அங்கேயே விட்டுவிட்டார்கள். கேஸ் இல்லை, ஒன்றும் இல்லை. மொபெட்டில் ஏறச் சொன்னதற்கு ஏறவில்லை. ஊர்க்காரர்களோடும் போகவில்லை. ரோட்டோரமாகத் தனியாக நடந்துபோனார்.

அப்பா என்னை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனார். மசால் தோசையும் மைசூர்பாகும். கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் எங்கள் மேசைக்கே வந்து உட்கார்ந்தார். என் கன்னத்தைக் கிள்ளி, கன்னடத்தில் கெட்டிக்காரப் பொண்ணு என்றார். சர்வர் கொண்டுவந்த பில்லை அவரே எடுத்துக்கொண்டார். அப்பா தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார். இவ்வளவு சிரிக்கிறவர் நல்லவராகத்தான் இருப்பார், பெரியப்பா வீணாகச் சண்டை போட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. துப்பாக்கி பொம்மை என்பது அந்த மனிதருக்கு முன்பே தெரியும் என்பதையும், அதை யார் சொல்லியிருக்க முடியும் என்பதையும், நான் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் அம்மா அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு, உங்கப்பாவைக் கேட்காதே என்றாள். நான் கேட்கவில்லை. ஓசூரில் குழாய்த் தண்ணீர் வரும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படிக் கேட்பது?

அன்று வீட்டுக்கு வந்தபோது பெரியப்பா எனக்கு முன்பே வந்து, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மீசையை எடுத்துவிட்டிருந்தார். நான் அவரைச் சமாதானப்படுத்தத் துப்பாக்கியைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"நீங்களே வெச்சுக்குங்க பெரியப்பா."

அவர் திரும்பினார். அதை வாங்கினார், கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எனக்கு எதுக்கு? நீ வெளையாடு போ, பாப்பா."

அதைத்தானே நான் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தேன். கிணற்றடிக்கு ஓடினேன். வெளிச்சம் இருக்கும்வரை டப்பாக்களைச் சுட்டேன். ஒவ்வொரு தடவை நான் பிடியை இழுக்கும்போதும் வீட்டுக்குள்ளிருந்து பெரியம்மா எட்டிப் பார்த்தாள். கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் அளப்பவர்கள் திரும்ப வந்தார்கள். அதே ஜீப், அதே ஆட்கள். பெரியப்பா கொல்லைப் பக்கமே வரவில்லை. அவர்கள் கேழ்வரகுப் பயிருக்குள் இறங்கி, மிதித்துக்கொண்டு நடந்து, முளைக்குச்சிகளை அடித்தார்கள். நான் வரப்பில் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு துப்பாக்கியை முழங்காலில் இடுக்கி, சடக் சடக் என்று இழுத்து, அவர்களை நோக்கித் தூக்கிப் பிடித்தேன். ஒருவர் சங்கிலியைக் கீழே போட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். இன்னொருவர் ஐயோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பயிர்மேல் சாய்ந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன தடவை ஓடிப்போனவர்கள் இந்தத் தடவை என்னோடு விளையாடுகிறார்களே என்று எனக்கு ஒரே சந்தோஷம். பெரியப்பாவையும் விளையாட்டுக்குக் கூப்பிடலாம் என்று வீட்டுக்கு ஓடினேன்.