கோப்பின் தலையில் ஒரு சுழி

எதை எழுதினாலும் முதலில் பிள்ளையார் சுழி போடுகிற ஆள் நான். மளிகைச் சீட்டானாலும் சரி, பரீட்சைத் தாளானாலும் சரி, கை தானாகப் போடும். அந்தக் கை ஒரு நாள் கம்ப்யூட்டரிலும் போட்டுவிட்டது.

மாமல்லபுரம் பக்கம் ஒரு கடல் ஆய்வு அலுவலகத்தில் எனக்கு வேலை. கடப்பாக்கத்துக்கு நேரே கடலில் ஒரு மிதவை அலையை அளந்து அனுப்பும். காலையில் அதை மென்பொருளில் ஓட்டி, அலை எப்படி என்று அந்த ஊர் மீனவர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் சொல்வேன். அவர் கரையில் மற்றவர்களுக்குச் சொல்வார். ஆபீஸ் உத்தரவு எதுவுமில்லை, நானாக ஏற்றுக்கொண்டது.

போன ஐப்பசியில் புது மென்பொருள் வந்தது. எந்த மிதவை, எத்தனை நிமிடத்துக்கு ஒரு கணக்கு என்பதையெல்லாம் ஒரு சின்னக் கோப்பில் வரிவரியாக எழுதித் தர வேண்டும். எழுதினேன். முதல் வரியில் 'உ'. ஓட்டினேன், ஓடியது. நம்பினோர் கைவிடப்படார் என்று காபி குடிக்கப் போனேன்.

திரையில் அலை கம்மி. இரண்டு நாள் கடலும் அப்படியே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மழைக்காலத்தில் கடலுக்கு இவ்வளவு நல்ல புத்தியா என்று எனக்குச் சந்தோஷம் வேறு. மூன்றாம் நாள் காலை அந்த மீனவரே கூப்பிட்டார்.

“இன்னா மேடம், அமைதின்னு போட்டுகீற? இங்க அலை படகத் தூக்கி அடிச்சிகினு கீது. ஒன் மெசேஜ நம்பி என் மச்சான் வலையெல்லாம் ஏத்திட்டான். நான்தான் கையப் புடிச்சி நிறுத்தினேன்.”

போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரிடம் ஓடினேன். கோப்பைத் திறந்து பார்த்தேன். மென்பொருளுக்கு அந்த 'உ' புரியவில்லை. புரியாததால் கோப்பையே ஒதுக்கிவிட்டு, தன்னோடு வந்த மாதிரித் தரவை எடுத்து ஓட்டியிருக்கிறது. எந்த நாட்டுத் துறைமுகமோ, குளம்போலக் கிடந்த தண்ணீர். திரையின் அடியில் ஒரு வரி எச்சரிக்கையும் இருந்தது. நான்தான் படிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

சுழியை அழிக்க மனம் வரவில்லை. அதற்கு முன்னால் ஒரு # போட்டேன். அந்தக் குறி உள்ள வரியை மென்பொருள் படிக்காமல் தாண்டிவிடும். பிறகு அவரைக் கூப்பிட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

போனில் கடல் சத்தம் பெரிதாகக் கேட்டது.

“சரி வுடு மேடம். நாளைக்கும் போடு. மச்சான் காலைல போனைப் பாத்துகினு குந்திகினு இருப்பான்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இப்போதெல்லாம் அந்த அடிவரியைப் படித்துவிட்டு, “அண்ணா, அங்க அலை எப்படி இருக்கு?” என்று அவரைக் கேட்ட பிறகுதான் அனுப்புகிறேன்.