மழைக்கென்று ஒரு கார்

மழைத் தண்ணீரில் புதுக் கார் கெட்டுவிடக் கூடாது என்று பழைய காரையும் விற்காமல் வைத்திருந்தேன். போன வருடம் ஆடியில் அதன் இன்சூரன்ஸ் முடிந்தபோது, சும்மா நிற்கும் வண்டிதானே, ஐப்பசியில் மழை தொடங்கும்போது புதுப்பித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்! ஆனால் மழை முந்திக்கொண்டது. கல்லூரிக்குக் கிளம்பிய மகளிடம் பழைய காரின் சாவியைக் கொடுத்தேன்.

அரை மணி நேரத்தில் அழுதபடி போன் செய்தாள். உழவர்கரையில் பிரேக் சரியாகப் பிடிக்காமல் ஒரு ஸ்கூட்டரை இடித்துவிட்டாள். பதறிப்போய்ப் புதுக் காரிலேயே தண்ணீருக்குள் விரட்டிக்கொண்டு போனேன்.

ஸ்கூட்டர்காரர் முழங்கையில் ரத்தத்தோடு, நடுங்கிக்கொண்டிருந்த என் மகளுக்குக் குடை பிடித்தபடி நின்றார்.

“இன்சூரன்ஸ் இருக்குதா சார்?”

“இல்ல... முடிஞ்சிடுச்சி.”

நான் வந்த காரைப் பார்த்தார். “இதுக்கு?”

“இருக்கு.”

“இத வெச்சிக்கினு, பிரேக் புடிக்காத வண்டியில ஏன் சார் பொண்ண அனுப்புனீங்க?”

“மழையில கெட்டுப்போயிடும்னுதான்...”

“எது, வண்டியா?”

போலீசுக்குப் போவேன் என்று மிரட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பக்கத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டதோடு அவர் போய்விட்டார்.

பழைய காரை மறுவாரமே விற்றேன். இப்போது மழையில் மகள் புதுக் காரில்தான் போகிறாள். அவள் திரும்பும்வரை வாசலில் நிற்கிறேன். கார் எப்படி வந்து சேர்ந்தது என்று பார்ப்பதே இல்லை.